திரையில் இல்லாத வரிசை

நாகையா அண்ணனுடைய லோரியின் பக்கக் கண்ணாடியை உடைத்தது நான்தான். உடைத்த நேரத்தில் நான் பிரிக்ஃபீல்ட்ஸில், அலுவலகத்தின் ஒன்பதாவது மாடியில், உளுந்து வடையைத் தேங்காய்ச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இருந்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, போர்ட் கிள்ளான் துறைமுகத்தில். அவ்வளவு தொலைவிலிருந்து குறி தவறாமல் அடிக்க முதுநிலைப் பட்டம் வேண்டும். என்னிடம் இருக்கிறது.

எங்கள் நிறுவனத்துக்குத் துறைமுகத்தை ஒட்டி ஒரு கொள்கலன் கிடங்கு உண்டு. லோரி ஓட்டுநர்கள் வாசலை நெருங்குமுன் கைப்பேசிச் செயலியில் அனுமதி கேட்க வேண்டும்; கொள்கலனின் கதவு, முத்திரை, பத்திரம் என்று படம் பிடித்து அனுப்பவும் வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் தடுப்புக் கட்டை உயரும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். இணையத் தடம் திணறும். பிரிக்ஃபீல்ட்ஸில் கணினி மயங்கி விழும். அதைத் தூக்கி உட்காரவைப்பதுதான் என் சம்பளம்.

தினமும் தூக்கி அலுத்துப்போய், ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். நான் படித்தது கட்டுப்பாட்டுக் கோட்பாடு. ஏர்கோன் அறையின் சூட்டைப் பார்த்துத் தன்னைத்தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது அல்லவா, அதுபோல, கணினி தன் முன்னால் காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசையைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளட்டும் என்று ஒரு நிரல் எழுதினேன். வரிசை இருபதைத் தாண்டினால், புதிதாக வருவதில் சிலவற்றைப் பணிவோடு திருப்பி அனுப்பு. இருபதுக்குக் கீழே போனால் தாராளமாக விடு. அவ்வளவுதான். எவ்வளவு வேகமாகச் சரிசெய்வது என்பதற்கு மட்டும் நடுவில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணில்தான் சனி.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உச்சிவேளையில் ரசம் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருவரிடம் கேட்பீர்கள், வராது. மறந்துவிட்டார் போல என்று இன்னொருவரிடம் கேட்பீர்கள், வராது. மூன்றாமவரிடம் குரலை உயர்த்துவீர்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று ரசமும் ஒன்றாக வந்து இலை மிதக்கும். 'போதும், போதும்' என்று கையாட்டுவீர்கள். அந்தச் செய்தியும் மெதுவாகத்தான் போய்ச்சேரும்; அதற்குப் பிறகு நீங்கள் மோர் கேட்டால்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். பதில் தாமதமாக வரும் இடத்தில் அவசரப்பட்டால் வெள்ளம், வறட்சி, மறுபடி வெள்ளம். முதுநிலைப் பட்டத்துக்கு நான் எழுதிய ஆய்வேடு முழுக்க இதுதான், ரசம் மட்டும் இல்லாமல்.

அதை எழுதியவனே அலுவலகத்தில் சோதித்துப் பார்த்த எண்ணை அப்படியே துறைமுகத்துக்கு ஏற்றிவிட்டேன். அலுவலகத்தில் பதில் கண் சிமிட்டுமுன் வரும். துறைமுகத்தில் அது கைப்பேசிக் கோபுரம் ஏறி இறங்கி, தேநீர் குடித்துவிட்டு வரும். செவ்வாய்க்கிழமை காலையில் என் நிரல் ஐந்து நிமிடம் ஊரையே உள்ளே விட்டது. பிறகு பதறிப்போய் எல்லாரையும் விரட்டியது. கொடுத்த அனுமதியையும் பிடுங்கிக்கொண்டது. பாதி உள்ளே நுழைந்திருந்த நாகையா அண்ணன் தலைக்கு மேலே கட்டை உயர்ந்தது, யோசித்தது, இறங்கியது.

அண்ணன் பண்டமாரானில் என் பக்கத்து வீட்டுக்காரர். அதனால் புகார் முறைப்படி மேலதிகாரிகள் வழியாக வராமல் நேராக என் கைப்பேசிக்கே வந்தது.

"தம்பி, உங்க கட்டைக்குப் பேய் கீய் புடிச்சிருக்கா? ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது. கண்ணாடி போச்சு. இப்ப அடுத்த லோரிக்கு சலாம் போட்டுக்கிட்டு இருக்கு."

"அண்ணே, கொஞ்சம் பின்னால எடுத்து நில்லுங்க. நான் பாக்குறேன்."

"பின்னால எடுக்குறதா? என் பின்னால கிள்ளானே நிக்குது லா!"

வடையை அப்படியே வைத்துவிட்டு எண்ணைக் குறைத்தேன். மதியத்துக்குள் திரையில் மலையும் பள்ளமுமாகத் துள்ளிக்கொண்டிருந்த கோடு அடங்கியது. மாலைக்குள் இருபது என்ற இலக்கில் பாய் விரித்துப் படுத்தது. என்னோடு வேலை செய்யும் தாமரை, கல்லூரி முடித்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, திரையைப் படம் பிடித்தாள். "சார், டெக்ஸ்ட்புக்ல வர்ற மாதிரியே இருக்கு!" என்றாள். என் வாழ்க்கையில் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது அந்தக் கோடு ஒன்றுதான். நானும் ஒரு படம் பிடித்துக்கொண்டேன்.

லியனார்ட் அறையிலிருந்து எழுந்து வந்தார். கிடங்கு நடவடிக்கைகளுக்கு அவர்தான் தலைவர். ரயில்வே குடும்பம், இதே பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, இதே தெருவில் கோலி விளையாடி, இப்போது அதற்கு மேலே ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர். எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார். அதுதான் அவரிடம் உள்ள ஒரே கெட்ட குணம்.

"என்னா மேன் இது, கோடு செத்த மாதிரி படுத்துக்கிச்சு!"

"செத்தா நல்லது பாஸ். துள்ளுனாத்தான் கண்ணாடி ஒடையும்."

தோளில் தட்டினார். அன்று மாலை எல்லாருக்கும் கோழிப்பொரியல் வாளி வாளியாக வந்தது. ஒரு கால் துண்டை எடுத்துக் கடித்தபோது, உலகத்தில் எல்லா வரிசைகளும் ஒரு நாள் இப்படி இருபதுக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது. கோழிக்கு அந்தச் சக்தி உண்டு.

கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து, நிலையத்தில் விட்டிருந்த காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பண்டமாரானுக்குத் திரும்புமுன் துறைமுகச் சாலையின் ஓரத்தில் லோரிகள். ஒன்றன்பின் ஒன்றாக, விளக்கு அணைத்து, ஓட்டுநர்கள் கதவைத் திறந்து வைத்துக் கால் நீட்டியபடி. இருபது இல்லை. எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மழைமரத்தடியில், ஆள் உயரத்தில் ஒரு முனீஸ்வரன் கோயில். அதன் முன்னால் ஒற்றைக் கண்ணாடியோடு நாகையா அண்ணனின் லோரி.

"என்னண்ணே, உள்ள எடமில்லையா?"

"உள்ளயா? பாதி யார்டு காலி. பூனை மல்லாந்து தூங்குதாம்."

"பின்ன?"

கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் மலாயில் ஒரு வரி: 'சிலா சுபா செபெந்தார் லாகி.' தயவுசெய்து சற்று நேரம் கழித்து முயலவும். அந்த வாசகம் நான் தேர்ந்தெடுத்ததுதான். 'தயவுசெய்து' வேண்டும் என்று வற்புறுத்தியதும் நான்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கணினிகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒரு கணினி அனுப்பியதை வழியில் யாராவது கீழே போட்டால், 'ஓகோ, கூட்டம் போலிருக்கிறது' என்று அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உலகத்து இணையம் முழுவதும் இந்த ஒரு மரியாதையில்தான் நிற்கிறது. நானும் அதை நம்பித்தான் நிரல் எழுதினேன். ஆனால் மறுமுனையில் இருந்தது கணினி இல்லை, மனிதன். மனிதனிடம் 'கழித்து வா' என்றால் இன்னும் வேகமாக அழுத்துவான். அழுத்த அழுத்தத் தட்டுகிற சத்தமே தடத்தை நிரப்பும். என் நிரல் இன்னும் பலரைத் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்த வரிசையிலும் இல்லை. அதனால் திரையில் கோடு இருபதிலேயே நிம்மதியாகப் படுத்திருக்கும். வரிசையை நான் குறைக்கவில்லை. சாலையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன்.

"மணி என்னா ஆச்சு பாத்தியா தம்பி? அக்கா அங்க ஒக்காந்திருக்கா."

அக்கா என்றால் இராஜம்மா அக்கா, அண்ணனின் மனைவி. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் மதியம் முழுவதும் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வார். முடிந்ததும் காலில் நிற்கக்கூட பலம் இருக்காது. அண்ணன் மதியத்துக்குள் பெட்டியை இறக்கிவிட்டு, லோரியைக் கொண்டுபோய்ப் போட்டு, பழைய காரில் போய் அவரை அழைத்துவருவார். அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றால் அக்காவும் அங்கே நிலையத்துக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில்.

"நீ அங்கதானே வேலை செய்யிற," என்றார் அண்ணன். "என்னா பண்ணா உள்ள விடும்? ஒனக்குத் தெரியாமலா?"

எனக்குத் தெரியும். எவரை விடுவது, எவரைத் திருப்புவது என்பதை என் நிரல் பகடை உருட்டித்தான் முடிவு செய்கிறது. யார் முதலில் வந்தார், யாருக்கு அவசரம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஒன்றும் செய்ய முடியாது அண்ணே, நான்தான் அப்படி எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல ஒரு முகம் வேண்டும். என் முகம் கோழிப்பொரியல் எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரங்களில் என் வாயிலிருந்து வருவது எப்போதும் ஒன்றுதான்.

"நேரா முனி வாசல்லயே நிக்கிறீங்க. ஒரு சுருட்டைக் கொளுத்தி வெச்சிட்டு அழுத்துங்கண்ணே. ஜெட் மாதிரி போயிரும்."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் போய் அக்காவை அழைத்துவந்தேன். வேடிக்கை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் மறுநாள் சுருட்டுக் கொளுத்தினார். அழுத்தினார். பகடை விழுந்தது. உள்ளே போய்விட்டார்.

அதைப் பார்த்த காஜாங் ஊர் ஓட்டுநர் ஒருவர் அதற்கடுத்த நாள் கொளுத்தினார். அவருக்கும் விழுந்தது. கொளுத்தியும் விழாதவர்கள் சுருட்டு மட்டம் என்றார்கள், மனசு சுத்தமில்லை என்றார்கள். பகடை என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் முனிக்குப் புதுச் சாயம், தகரக் கூரை, சுருட்டு விற்க ஓர் ஆன்ட்டி, பக்கத்தில் கரும்புச்சாறு. லோரிக்காரர்கள் கூட்டமாக நின்று, கற்பூரம் காட்டி முடிந்த கையோடு, எல்லாரும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். நான் எழுதிய எத்தனையோ நிரல்களை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். கற்பூரம் காட்டியது இதற்குத்தான்.

"சார், இங்க பாருங்களேன்," என்றாள் தாமரை. "ஒரே டவர்லேர்ந்து குபீர்னு வருது. அடங்குது. மறுபடி குபீர். அங்க ஏதாச்சும் திருவிழாவா?"

"ஆமாம்மா. ஸ்தல புராணம் என்னோடது."

சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். குபீரென்று வந்தால் நிரல் மிரளும். மிரண்டால் அதிகம் பேரைத் திருப்பும். திருப்பினால் பக்தி கூடும். பக்தி கூடினால் குபீர் பெரிதாகும். ஆய்வேட்டில் நான் எழுதாமல் விட்ட அத்தியாயம் இது.

மருந்து என்னிடமே இருந்தது. கடினமானதும் இல்லை. பகடையை எடுத்துவிட்டு, கேட்பவருக்கெல்லாம் கேட்ட நேரத்தில் ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். முதலில் வந்தவர் முதலில் போவார். எண் கையில் இருந்தால் யாரும் அழுத்திக்கொண்டே இருக்கமாட்டார்கள். தடம் காலியாகும். எண் நெருங்கும் நேரம் தெரிந்தால், அண்ணன் முன்கூட்டியே வேறொருவரை அக்காவுக்கு ஏற்பாடு செய்யலாம். நிரலையும் எழுதி வைத்துவிட்டேன். ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஏற்றும் கடவுச்சொல் என் நாயின் பெயர். நாய் செத்து நாலு வருடமாகிறது.

லியனார்ட் அறைக்குப் போனேன்.

"நல்ல ஐடியா லா, யுகேன்," என்றார். "ஆனா நம்பர் குடுத்தா அந்த நிமிஷத்துலேர்ந்து கடிகாரம் ஓட ஆரம்பிச்சிரும், பாத்தியா?"

பார்த்தேன். ஒரு லோரி எவ்வளவு நேரத்தில் உள்ளே வந்து வெளியே போகிறது என்பதைத்தான் கப்பல் நிறுவனங்கள் பார்க்கும். எங்கள் கடிகாரம் அனுமதி கொடுத்த நிமிடத்தில்தான் தொடங்கும். சாலையில் நிற்கும் நேரம் எங்கள் கடிகாரத்தில் இல்லை; எண் கொடுத்துவிட்டால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். என் நிரல் வந்ததிலிருந்து எங்கள் கிடங்கு போல வேகமான கிடங்கு அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

"பாஸ், ரோட்டுல நிக்கிறாங்க."

"தெரியுது. பாவம்தான்." உண்மையாகவே முகம் வாடியது. "பேசலாம். கொஞ்சம் டைம் குடு."

"அவங்க முனிக்குச் சுருட்டு வெக்கிறாங்க பாஸ். நான் உங்களுக்கு வெக்கட்டுமா?"

விழுந்து விழுந்து சிரித்தார். மேசையில் தட்டிச் சிரித்தார். அறையை விட்டு நான் வெளியே வரும்போது, நான் எதற்காக உள்ளே போனேன் என்பது எங்கள் இருவருக்குமே மறந்திருந்தது.

இரண்டாம் முறை போனேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். மூன்றாம் முறை, சுபாங் ஜெயா விடுதியில் நிறுவனத்தின் வருடாந்திர விருந்து. எனக்கொரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். 'வரிசையை வென்றவர்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. மேடையிலிருந்து இறங்கும்போது அவர் காதில் மறுபடி கேட்டேன். "இன்னைக்கா மேன்? என்ஜாய்," என்றார். அதோடு, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்துகொள்ளும் சலுகையையும் கொடுத்தார்.

சொன்னேனே, ஒப்பந்தத்தை மதிக்கும் கணினி என்று. அது நான்தான். 'சற்று நேரம் கழித்து' என்று ஒருவர் சொன்னால் உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். லோரிக்காரர்கள் யாருக்கும் வராத அந்த மரியாதை எனக்கு இரத்தத்திலேயே ஊறியிருந்தது. பண்டமாரான் வீட்டுக்கு இன்னும் கட்டிமுடிக்காத கடன், மகனின் கல்லூரி, நாற்பத்தெட்டு வயது. இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த மரியாதை என்பது வேறு விஷயம்.

அந்த மூன்று நாளையும் அக்காவுக்கே கொடுத்தேன். மாலையில் மடிக்கணினியை மூடிவிட்டு, கிள்ளானுக்குப் போய், நிலையத்து வாசலில் காரை நிறுத்தி, அவரைக் கைத்தாங்கலாக ஏற்றிவருவேன். அக்கா முன் இருக்கையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, என் வேடிக்கைப் பேச்சுக்கெல்லாம் சிரிப்பார். "நீ இல்லன்னா எங்க கதி என்னா ஆவும் தம்பி," என்பார். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே போய்வந்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னை அடிக்க வரலாம். வரிசையில் வாருங்கள்.

நாகையா அண்ணனுக்கு அதற்குப் பிறகு பகடை சரியாக விழவில்லை. ஒரு நாள் விழும், நாலு நாள் விழாது. முதல் நாள் கேட்ட முனி இப்போது ஏன் கேட்கவில்லை என்று அவர் தன்னையே துருவ ஆரம்பித்தார். பீரை விட்டார். பிறகு சிகரெட்டையும் விட்டார். மாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, சுருட்டுல ஏதாச்சும் வகை இருக்கா?" என்று கேட்டார். குரலில் வேடிக்கை இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கியூபா சுருட்டு வெச்சுப் பாருங்கண்ணே," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் நிலையத்துக்குப் போனபோது அக்கா நாற்காலியில் இல்லை. உள்ளே கட்டிலில், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்கவைத்திருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. நர்ஸ் மிஸ்ஸி என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மகனா?"

"பக்கத்து வீடு."

"யாரா இருந்தாலும் கேட்டுக்குங்க. காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல. மிஷின்ல போட்டதும் பிரஷர் தடால்னு எறங்கிருச்சு. கண்ணு சொருகிருச்சு. டயாலிசிஸ் பேஷண்டு விரதம் இருப்பாங்களா? நல்ல நேரம், நாங்க பக்கத்துல இருந்தோம். இன்னொரு வாட்டின்னா நான் பொறுப்பில்ல."

பிஸ்கட்டும் இரண்டு மடக்குத் தேநீரும் கொடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விட்டார்கள். காரில் ஏற்றி, இருக்கையைச் சாய்த்து, குளிர்காற்றைக் குறைத்தேன். கிள்ளான் பாலத்தில் நெரிசல். வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன். அன்று கேள்விதான் வந்தது.

"ஏங்க்கா விரதம்?"

"வேண்டுதல்."

"என்ன வேண்டுதல்?"

"அவருக்குக் கேட்டுக் கதவு தொறக்கணும்னுதான்." கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "நீ சொன்னியாமே, முனிகிட்டக் கேட்டா வுடும்னு. மொத நாளு வுட்டுச்சு. அப்புறம் வுடல. அவரும் எல்லாத்தையும் வுட்டுப் பாத்துட்டாரு. நம்ம பக்கம் ஏதோ கொறை இருக்கும்னு, நான் மூணு செவ்வா பட்டினி கெடக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். இது ரெண்டாவது."

முன்னால் நின்ற லோரியின் பின்விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது.

"அக்கா, அது பொய்."

"எது?"

"சுருட்டு. முனி. எல்லாம். நான் வெளையாட்டுக்குச் சொன்னேன். யாரை உள்ள விடுறதுன்னு எங்க கம்ப்யூட்டர் தாயம் உருட்டுது. அண்ணன் என்ன செஞ்சாலும் ஒண்ணுதான், செய்யாட்டியும் ஒண்ணுதான். உங்க மேல ஒரு கொறையும் இல்ல. அந்தத் தாயத்த எழுதி வெச்சது நான்."

அக்கா கண்ணைத் திறந்தார். சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார். வாகனங்கள் கொஞ்சம் நகர்ந்தன. நானும் நகர்த்தினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேள்வி கேட்டார், கடையில் மீன் வாங்கும்போது கேட்பதுபோல, நிதானமாக.

"அத மாத்த முடியாதா?"

"முடியும். வந்தவங்களுக்கு நம்பர் குடுத்துட்டாப் போதும். எழுதியே வெச்சிருக்கேன்."

"அப்ப யாரு போடணும் அத? வெளிநாட்டுலேர்ந்து ஆள் வரணுமா?"

"இல்லக்கா. நான்தான்."

"ரொம்ப நேரம் புடிக்குமா?"

ரசம் வருகிற நேரம்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அஞ்சு நிமிஷம்."

"அப்புறம் என்னா?"

"பாஸ்கிட்டக் கேட்டிருக்கேன். பேசலாம்னு சொல்லிருக்காரு. அவரு சரின்னு சொல்லாம நான் கை வெச்சா, வேலைக்கே ஆபத்து."

"எப்பக் கேட்ட?"

"சாயம் அடிக்கிறப்ப. முனிக்கு."

பாலம் தாண்டி, தென் கிள்ளான் கடைத்தெரு தாண்டி, துறைமுகச் சாலைக்கு வந்தோம். இடது பக்கம் லோரிகள். மழைமரத்தடியில் புகை. கூட்டத்துக்கு நடுவே நாகையா அண்ணனின் வழுக்கைத் தலை தெரிந்தது. கைப்பேசியை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். காரை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணாடி வழியே அண்ணன் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றார். இரும்புக் கதவின் சாவியைக் கைப்பையில் துழாவினார். எனக்குப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. லியனார்டிடம் மூன்று முறை போயும் நான் ஒரு முறைகூட வேடிக்கை கலக்காமல் கேட்டதில்லை. யாரிடமும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். அன்று கேட்டேன்.

"அக்கா. அண்ணனுக்கு என் மேல கோவம் வருமா?"

"அவருக்கு வராது. அவரு ஒன்ன நம்புறாரு," என்றார். சாவி கிடைத்துவிட்டது, ஆனால் அவர் கதவைத் திறக்காமல் என் பக்கம் திரும்பினார். "எனக்குக் கோவம்தான் தம்பி. அஞ்சு நிமிஷ வேலையச் செய்யாம இருக்குறதுக்குத்தான் வாரத்துல மூணு நாளு என்னக் கார்ல ஏத்திக்கிட்டு வர. எனக்காக வரல. வியாழக்கிழமை நீ வராத. நான் வெளியவே ஒக்காந்திருக்கேன்."